துணி நீவிய கை

மன்னார்குடியிலிருந்து பட்டுக்கோட்டைக்குப் போகிற சாலையில், பஸ் நிற்கும், ஆனால் இறங்க ஆளிருக்காது என்று கண்டக்டர்கள் கேலி பேசுகிற ஊர் எங்களுடையது. அந்த ஊரில், கடைத்தெருவுக்குப் பின்னால், புருஷன் குவைத்துக்குப் போன வீட்டில் தனியாக இருந்துகொண்டு, கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்தும் அதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தும் வந்த தவமணியின் கேமராவுக்குள், ஒரு ஆடி மாதத்து முற்பகலில், ஒரு கை வந்தது.

ஆரி வேலையைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். துணியைச் சட்டத்தில் மத்தளத் தோல்போல இழுத்துக் கட்டி, மேலே வலது கை கொக்கி ஊசியை இறக்க, கீழே யார் கண்ணுக்கும் படாமல் இடது கை நூலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மேலே பூக்கிற பூவை ஊரே பார்க்கும். கீழே குத்துப்படுகிற விரலை யாரும் பார்ப்பதில்லை.

முதலில் உள்ளூர்ப் பெண்கள்தான் வந்து கற்றுக்கொண்டார்கள். பிறகு திருப்பூரிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் மலேசியாவிலிருந்தும்கூடப் பெண்கள் கேட்க ஆரம்பித்ததும், தவமணி போனை ஸ்டூலில் கட்டிவைத்து வகுப்பெடுத்தாள். போனுக்கோ அசைகிறதைப் பார்க்கத்தான் பிடித்தது. ஊசி இறங்குகிற இடத்தைக் காட்டு என்றால் வளையலைக் காட்டியது, வளையலைக் கழற்றிவைத்தால் மணிக்கட்டைக் காட்டியது, கை சற்று நின்றால் பின்னாலிருந்த தரையைக் காட்டியது. பூ மட்டும் எப்போதும் மங்கலாகவே கிடந்தது. கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற அன்வர்தீனிடம் அவள் போய்க் கேட்டபோது, அவன் ஒன்றன்பின் ஒன்றாகக் கேமராக்களைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தான். சிலது முகம் பார்க்கச் செய்தவை, நூலைப் பார்க்கத் தெரியாதவை. சில படத்தைப் பெரிதாகத் தந்தன, ஆனால் போனைப் போலவே இங்கொரு தரம் அங்கொரு தரம் பார்வையை மாற்றிக்கொண்டிருந்தன. கடைசியில் அவன், "உங்களுக்குப் படம் பெருசா வந்தா மட்டும் பத்தாதுக்கா, தானா யோசிக்காத கேமராவா வேணும்" என்று சொல்லிவிட்டு, தீப்பெட்டி மாதிரி ஒரு இரும்புப் பெட்டியும் அதன் முகத்தில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு லென்ஸுமாக ஒன்றை வரவழைத்தான். லென்ஸில் இரண்டு வளையங்கள். ஒன்று கிட்டத்தில் கொண்டுவரவும் தள்ளிவைக்கவும், மற்றது தெளிவாக்கவும். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் திருகாணி. வேண்டிய இடத்தில் நிறுத்தித் திருகாணியை முடுக்கிவிட்டால், அதன்பிறகு எந்தக் கை ஆடினாலும் வளையல் குலுங்கினாலும் அது வேறெங்கும் பார்க்காது. கிட்டத்தில் கொண்டுவரக் கொண்டுவர வெளிச்சம் குறையும் என்று அவனே இரண்டு பக்கமும் விளக்கு வைத்துக் கொடுத்தான். தவமணி இரண்டு விரலால் வளையத்தைத் திருப்பியபோது, ரவிக்கைத் துணி பாய் முடைந்ததுபோலவும், ஜரிகை தேர்வடம்போலவும் தெரிந்தன. அவளுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது, இத்தனை நாள் இதைப் பார்க்காமலா தைத்தோம் என்று.

கையை முதலில் கண்டது தவமணியல்ல. திருப்பூர்ப் பெண்ணொருத்தி வகுப்பு நடுவில், உங்கள்கூட உட்கார்ந்திருக்கிற அண்ணனுக்கும் வணக்கம் சொல்லிவிடுங்கள் அக்கா என்றாள். தவமணி கேமராவை மாட்டியிருந்த லேப்டாப்பின் திரையைப் பார்த்தாள். படத்தின் மேல் ஓரத்திலிருந்து ஓர் இடது கை நீண்டு, அவள் தைத்துக்கொண்டிருந்த மாம்பிஞ்சுக்குப் பக்கத்தில் துணியை நீவிக்கொண்டிருந்தது. மாநிறக் கை. மணிக்கட்டில் முடி. மோதிரம் இல்லை. சட்டத்துக்கு எதிரே பார்த்தாள், யாரும் இல்லை. மாம்பிஞ்சு பாதியில் நின்றதால் அவள் ஊசியை இறக்கித் தையலைத் தொடர்ந்தாள். உருண்டுபோன மணியொன்றை அந்தக் கை சுண்டுவிரலால் தள்ளி அவள் பக்கம் கொண்டுவந்து சேர்த்தது. திரையில் மட்டுமல்ல, துணியிலும் மணி உருண்டு வந்தது. கை மட்டும் திரையில்தான் இருந்தது.

அன்வர்தீனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் லென்ஸைக் கழற்றித் தூசி ஊதி, மெல்லிய துணியால் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்துவிட்டு, லென்ஸில் ஒரு குறையும் இல்லை, கை நல்ல தெளிவாகத்தான் விழுகிறது என்றான். அவனைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது. ஆனால் படியிறங்கும்போது தன் இடது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, பிறகு சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

ஊரில் அது அப்படித்தான் பரவியது. கை எப்படி வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. யாருடைய கை என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். தேநீர்க் கடையில் ஆண்கள் கண்ணாடிக் கிளாசை வலது கையில் பிடித்து, இடது கையை வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டார்கள். புழுங்குகிற ஆவணியில் முழுக்கைச் சட்டைகள் தென்பட்டன. பெண்கள் புருஷன் சாப்பிட உட்காரும்போது இலைக்குப் பக்கத்தில் ஊன்றிய கையை மணிக்கட்டுவரை பார்த்துவிட்டே சோறு போட்டார்கள், போட்ட பிறகும் பார்த்தார்கள். ஒருத்தன் மணிக்கட்டை மழித்துக்கொண்டு வந்தான், அதனாலேயே அவன் வீட்டில் ஒரு வாரம் பேச்சில்லை. தவமணி கடைவீதியில் வந்தால் பேச்சு நின்றது. வகுப்போ பெருகியது. வெளியூர்ப் பெண்களுக்கு அது யார் என்ற கவலை இல்லை. அந்தக் கை துணியை எங்கே எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்று பார்த்துப் பார்த்து அவர்கள் தையல் சுருக்கமில்லாமல் விழுந்தது.

தவமணியின் நாத்தனார் கஸ்தூரி இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் புருஷன் உரக்கடை வைத்திருந்தான். அவள்தான் நேரே வந்து கேட்டாள்.

"அண்ணி, அது யாரு கை?"

"தெரியல கஸ்தூரி."

"தெரியாத ஆம்பளைய எதுக்கு உக்காரவச்சு வேலை செய்றீங்க?"

உட்கார யாருமே இல்லையே என்று தவமணி சொன்னாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை, உட்கார்ந்திருந்தாலாவது யார் என்று தெரியும் என்றாள் கஸ்தூரி. அன்றைய வகுப்பில் ஒரு துண்டைத் தன் போனில் பிடித்து அண்ணனுக்கு அனுப்பினாள்.

தவமணியின் புருஷன் நீலமேகம் குவைத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினான். பெட்டியைக் கூடத்தில் வைத்தவன், பிள்ளையில்லாத அந்த வீட்டின் அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான், கொல்லையில் போய்ப் பார்த்தான், தண்ணீர்த் தொட்டியின் மூடியைக்கூடத் தூக்கிப் பார்த்தான். மறுநாள் வகுப்பின்போது கதவோரம் நின்றான். திரையில் கை வந்தது. அவன் விறுவிறுவென்று வந்து அதே இடத்தில் துணிமேல் தன் கையை வைத்தான். துணியும் சட்டமும் தவிர அவன் கைக்கு ஒன்றும் படவில்லை. திரையிலோ, அந்தக் கை, பந்தியில் இன்னொருவருக்கு இடம்விடுவதுபோல, மரியாதையாகச் சற்று நகர்ந்து கொடுத்தது. அந்த மரியாதைதான் நீலமேகத்துக்குத் தாங்கவில்லை.

அவன் திருகாணியைத் தளர்த்தினான். இது கையை மட்டும் காட்டுகிற அளவுக்குக் கிட்டத்தில் இருக்கிறது, தள்ளிவைத்தால் ஆள் தெரியப்போகிறான் என்று வளையத்தைத் திருப்பினான். மணிக்கட்டு தெரிந்தது, முன்னங்கை தெரிந்தது, முழங்கை வரவேண்டிய இடத்தில் முழங்கை வரவில்லை, கை நீண்டது, இன்னும் நீண்டது, வளையம் முட்டி நின்றபோது கை ஜன்னல் கம்பிக்கு நடுவே வெளியே போய்க்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் ஊர் பார்த்த ஊர்வலம் அது. காய்கறிக்காரரின் தள்ளுவண்டியில் லேப்டாப், அதன் வயர் முனையில் கேமராவைக் கையில் பிடித்தபடி நீலமேகம், வெயில் திரையில் விழாமல் குடை பிடித்துக் கஸ்தூரி, வண்டியைத் தள்ளிக்கொண்டு அன்வர்தீன், பின்னால் பாதி ஊர். கை சுவரோரமாகப் போனது, தெருமுனையில் தண்ணீர்க் குழாய்போல வளைந்தது. ஒவ்வொரு வாசலை நெருங்கும்போதும் அந்த வீட்டுப் பெண் நெஞ்சில் கைவைத்து நிற்பதும், கடந்து போனதும் புருஷனைத் திரும்பிப் பார்த்து, அதற்குள் சந்தோஷப்படக்கூடாது என்பதுபோல முகத்தைக் கடுமையாக்கிக்கொள்வதுமாக இருந்தது. மருந்துக்கடையைக் கடந்து, பள்ளிக்கூடத்தைக் கடந்து, இரண்டாவது தெருவில் திரும்பிய கை, கஸ்தூரியின் வீட்டு வாசற்படி ஏறி உள்ளே போனது.

கஸ்தூரியின் புருஷன், போலீசைக் கண்டவன்போல இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டிக்கொண்டு கூடத்தில் நின்றான். கை அவன் காலடி வழியாகப் போய், அடுப்படியில் கிரைண்டரைச் சுற்றிக்கொண்டு, கொல்லைக் கதவு வழியாக வெளியேறி, கிணற்றடியைத் தாண்டிப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டது. ஊர்வலமும் அதன் பின்னால் போனது. கஸ்தூரி மட்டும் குடையை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு நின்றுகொண்டாள். கை வீட்டுக்குள் நுழைந்துதான் வெளியே போனது, வெளியிலேயே போயிருக்கலாம் அல்லவா என்று அவள் அன்று கேட்டதற்கு அவள் புருஷனால் பதில் சொல்ல முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை.

கை பஸ் ஸ்டாண்டைத் தாண்டி வாய்க்கால் பாலத்தில் ஏறி ஊருக்கு வெளியே போகிறது என்று தெரிந்ததும், எங்கள் ஊருக்கு மூச்சு வந்தது. அசலூர்க் கை என்று முடிவாயிற்று. சட்டைகள் அரைக்கைக்குத் திரும்பின. கை கிடக்கிற வழி தெரிந்துபோனதால், பெண்கள் அந்த இடத்தைத் தாண்டும்போது புடவைக் கொசுவத்தைச் சற்றுத் தூக்கிக்கொண்டார்கள், மோட்டார் சைக்கிள்காரர்கள் வேகத்தைக் குறைத்தார்கள், தேநீர்க் கடைக்காரர் பெஞ்சை ஒரு முழம் தள்ளிப் போட்டார், வைக்கோல் லாரிக்காரர் ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டுக் கடந்தார். ஊரில் ஒரு கோயில் மரம் இருந்தால் எப்படி நடந்துகொள்வார்களோ அப்படி.

நீலமேகத்துக்கு மட்டும் மூச்சு வரவில்லை. காலையில் கேமரா அவளுக்கு, வகுப்பு முடிந்ததும் அவனுக்கு என்று ஆயிற்று. அன்வர்தீன் பின்னால் லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார, அவன் மோட்டார் சைக்கிளில் சாலையோரமாகக் கையைத் தொடர்ந்து போனான். எங்காவது ஒரு ஊரில் ஒரு வீட்டுக்குள் அது முடியும், அங்கே ஒருவன் ஒரு கையோடு உட்கார்ந்திருப்பான் என்று அவன் நம்பினான். பல ஊர்களில் பல வீடுகளை அது தொட்டுத் தொட்டுப் போனது. கடைசியில் முத்துப்பேட்டைக்குத் தெற்கே, அலையாத்திக் காட்டுச் சேற்றில் வேர்களுக்கு நடுவே நுழைந்து, காயல் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. படகு வைத்துப் போகலாமா என்று நீலமேகம் கேட்டான். தண்ணீருக்கு அடியில் இந்த லென்ஸ் பார்க்காது அண்ணே என்றான் அன்வர்தீன்.

அவன் அப்படி அலைந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு காலை, வகுப்பு முடிந்து, கேமராவை அவன் கழற்ற வருவதற்குள், தவமணி திருகாணியைத் தளர்த்தி வளையத்தை மறுபக்கம் திருப்பினாள். தள்ளிவைத்துப் பார்க்கத்தான் எல்லோரும் ஆசைப்பட்டார்கள். கிட்டத்தில் கொண்டுவந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அவள் விரல் நுனிவரைக்கும் கொண்டுவந்தாள், மற்ற வளையத்தைத் திருப்பித் தெளிவாக்கினாள். ஆள்காட்டி விரலிலும் கட்டைவிரலிலும், பழையதும் புதியதுமாக, கொசகொசவென்று கரும்புள்ளிகள். அவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்லவேண்டியதில்லை. தன் இடது கையைத் துணிக்கு அடியிலிருந்து எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். திரையில் இரண்டு கைகளும் ஒரே வேலை செய்கிறவர்களின் கைகளாக இருந்தன. அவளுக்கு அழுகை வந்தது, கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

காயலில் கை இறங்கிப் போன அன்று நீலமேகம் சேறு படிந்த காலோடு வந்து, கேமராவைச் சட்டத்தின்மேல் வைத்துவிட்டுச் சொன்னான்.

"இந்த வீட்டுல ஒண்ணு இது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

தவமணி எழுந்து உள்ளே போனாள். அவன் கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு சொன்னாள்.

"யாரு கைன்னு கடல் வரைக்கும் போய்ப் பாத்தீங்க. என் கையைப் பாத்தீங்களா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"நாளைக்கு ஒரு வகுப்புக்கு எனக்குக் கீழ்க் கையா உக்காருங்க. அப்புறம் உங்க இஷ்டம். நீங்க உடைக்கச் சொன்னா நானே உடைக்கிறேன்."

மறுநாள் அவன் சட்டத்துக்கு எதிரே உட்கார்ந்தான். கஸ்தூரியும் வந்து சுவரோரம் நின்றாள். துணிக்கு அடியில் நூலைப் பிடித்து, மேலேயிருந்து கொக்கி எட்டிப்பார்க்கிற இடத்தில் சுற்றிவிட வேண்டும், அவ்வளவுதான் என்று தவமணி சொல்லிக்கொடுத்தாள். இரண்டு இதழ்வரை சரியாகப் போயிற்று. மூன்றாவது இதழில் ஊசி அவன் ஆள்காட்டி விரலில் இறங்கியது. அவன் கையை வெளியே இழுத்துத் துணிமேல் வைத்தான். விரல் நுனியில் இரத்தம் முட்டிக்கொண்டு நின்றது.

திரையில், துணியை நீவிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு மெதுவாக வந்து, அவன் விரலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, வேலை தெரிந்தவர்கள் அழுத்துவதுபோல அழுத்திக்கொண்டது. திரையின் மறுபக்கத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். நீலமேகத்தின் தோள்கள் இறங்கின. வந்த நாளிலிருந்து இறுகியிருந்த அவன் முகம், தூங்குகிற பிள்ளையின் முகம்போலத் தளர்ந்தது. கை விலகியபோது அவன் விரலில் இரத்தம் இல்லை.

"தெரிஞ்சுதா?" என்று தவமணி கேட்டாள்.

"எது?"

"அது பிடிச்சது."

"ஒண்ணும் தெரியல" என்றான் நீலமேகம், அந்த விரலை மற்றக் கைக்குள் மூடிக்கொண்டு.

கேமராவை உடைக்கும் பேச்சு அதன்பிறகு எழவில்லை. அவன் விடுப்பை நீட்டிக்கச் சொல்லி எழுதினான், பிறகு வேலையையே விட்டுவிட்டதாகச் சொன்னான். காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து விளக்குகளைப் போட்டு, சட்டத்துக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொண்டான். கை புருஷனைக் கொண்டுவந்து சேர்த்தது என்று ஊர் சொன்னது. அதுவரை தவமணியோடு பேசாதவர்கள் வந்து பேசினார்கள், பூ கொடுத்தார்கள். தவமணி பூவை வாங்கிக்கொண்டாள். ஆனால் அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். நீலமேகத்துக்கு வேலை படிந்துவிட்டது, நூலைப் பிசகாமல் கொடுக்கிறான். அப்படியிருந்தும், ஒவ்வொரு வகுப்பிலும் ஏதோ ஒரு நேரத்தில், ஊசி இறங்குகிற இடத்துக்கு அவன் விரல் தானாக வந்து நின்றது.

கஸ்தூரிக்கும் அது தெரிந்திருந்தது. "அண்ணி, அண்ணன் மேல ஒரு கண்ணு வச்சுக்கங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஒருநாள் தவமணி ஊசியைத் துணிக்குமேல் அப்படியே நிறுத்தினாள். அடியில் அவன் விரல் காத்திருப்பது துணியில் மேடாகத் தெரிந்தது.

"கையை எடுங்க."

அவன் எடுக்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மலேசியாவிலும் காரைக்காலிலும் பெண்கள் ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி, அடுத்த தையல் எங்கே என்று காத்திருந்தார்கள்.

மறுவாரம் அவள் அவனுக்கென்று தனிச் சட்டம் ஒன்று அடிக்கச் சொல்லிப் பக்கத்து அறையில் போட்டாள். அங்கே கேமரா கிடையாது. அவன் மறுக்காமல் போய் உட்கார்ந்தான். நன்றாகவும் தைத்தான். இருவரும் ஒரே வீட்டில், ஒரே வேலையை, இரண்டு அறைகளில் செய்தார்கள். அவன் சாப்பிட வரும்போது அவள் அவன் இடது கையைப் பார்த்துவிட்டுத்தான் சோறு போட்டாள்.

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை, நீலமேகம் ஜரிகை வாங்க மன்னார்குடிக்குப் போயிருந்தான். வகுப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. தவமணி விளக்குகளைப் போட்டாள், கேமராவைத் திருப்பினாள், சந்தன நிறத் துணியில் ஊசியை வைத்தாள். கை வந்து துணியை நீவத் தொடங்கியது. அவள் தன் இடது ஆள்காட்டி விரலை அடியில் கொண்டுபோய், ஊசிக்கு நேராக நிறுத்தி, வேண்டுமென்றே இறக்கினாள். வழக்கத்தைவிட ஆழமாக இறங்கிவிட்டது. விரலை எடுத்துத் துணிமேல், திரையில் நன்றாகத் தெரிகிற இடத்தில், விளக்குக்கு நேராக நீட்டினாள். ஒரு துளி திரண்டது, நின்றது, துணியில் விழுந்தது.

கை நின்றது. அவள் விரலை இன்னும் கொஞ்சம் முன்னே நகர்த்தினாள். கை மெதுவாக அவள் பக்கம் வந்தது, அவள் விரலைச் சுற்றிக்கொண்டு போனது, துணியில் விழுந்த துளியை, கறை பரவாதபடி, மிகுந்த கவனத்தோடு ஒற்றி எடுத்தது.